ஜெர்மனி குடியிருப்பு அட்டை: இனிஷியலால் போன மூன்று மாதம்

ஜெர்மனியில் தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் குடியிருப்பு அட்டை போன வாரம் ஒரு வழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஏடிஎம் கார்டு அளவுதான். இதற்காக ஒன்பது மாதத்தில் நாலு அரை நாள் விடுப்பு, இருபதுக்கும் மேல் மின்னஞ்சல், கொஞ்சம் தூக்கம், எல்லாம் போனது. சென்னையில் விசா எடுப்பது எப்படி, புளூ கார்டு என்னும் வேலை அனுமதிக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும் என்பதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே வந்து இறங்கிய பிறகு நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த அலுவலகத்துக்கு நான் இன்னும் போக வேண்டியிருக்கிறது.

2025 ஜூன் முதல் வாரம் வந்தேன். கையில் இருந்த டி விசா, அதாவது நீண்ட நாள் தங்க வருபவர்களுக்கான விசா, நவம்பர் கடைசி வரை. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அது பத்து நிமிடத்தில் முடிந்தது. வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது, ‘இவர் என் வீட்டில் குடிவந்தார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனித் தாள் வேண்டும். வீடு பார்க்கும்போதே அந்தத் தாள் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பதியும்போது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: “இதில் உங்கள் குடும்பப் பெயர் எது?” நம் ஆட்கள் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். அதைக் காட்டினேன், தட்டினார், முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து ஜெர்மன் அரசாங்கத்துக்கு நான் என் அப்பா ஆகிவிட்டேன். என் பெயர் எஸ்ஸில் தொடங்கும், அப்பா பெயர் வியில். இந்த இரண்டு எழுத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதுதான்.

அடுத்தது வெளிநாட்டவர் அலுவலகம், அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம். அதன் ஜெர்மன் பெயர் வாயில் நுழையாது, இங்கே நம்மவர்கள் ஏபிஎச் என்றே சொல்லுவோம். எங்கள் ஊரில் வேலையைப் பெயரின் முதல் எழுத்து வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அலுவலர், அவருக்கென்று ஒரு மின்னஞ்சல். ஜூலை 9ஆம் தேதி விண்ணப்பம், பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், பட்டச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாக ஆக்கி அனுப்பினேன். யாருக்கு? எஸ் எழுத்துக்காரருக்கு. இருபத்தொன்பது வருஷமாக என் பெயர் எஸ்ஸில்தானே தொடங்குகிறது!

‘உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது’ என்று தானாக வரும் பதில் ஒன்று வந்தது. அதோடு சரி. ஆகஸ்டில் ஒரு நினைவூட்டல், செப்டம்பரில் இரண்டு. பதில் இல்லை. ஆபீசில் கேட்டால் எல்லாரும் “இங்கே அப்படித்தான், பொறு” என்றார்கள். நானும் பொறுத்தேன். அதுதான் தப்பு.

உண்மையில் அதற்கு முன்பே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முகவரி பதிந்த சில வாரத்தில் பதினோரு இலக்க வரி எண் தபாலில் வர வேண்டும். எனக்கு வரவில்லை. வரி அலுவலகத்துக்கு எழுதி மறுபடி கேட்டு, கம்பெனி முகவரிக்கு வரவழைத்துச் சமாளித்தேன். ஏன் வரவில்லை என்று யோசிக்கவே இல்லை. வங்கி அட்டை வந்த அன்று நான் வாசலில் நின்றிருந்ததால் தபால்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதனால் தபால் ஒழுங்காக வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் நடுவில் பயம் வந்துவிட்டது. அரை நாள் விடுப்பு எடுத்து நேரே போனேன். வாசலில் பாதுகாவலர், “டெர்மின்?” என்றார். முன்பதிவு இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்றேன். சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் சதுரத்தைக் காட்டினார். அதைத் திறந்தால், நான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்த அதே பக்கம். உள்ளே நாற்காலிகள் காலியாக இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நம்மூர் தாலுகா ஆபீசில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே போய் “சார்” என்று ஒரு குரல் கொடுக்கலாம். இங்கே குரல் கொடுக்கவும் முன்பதிவு வேண்டும்.

அன்று மாலை சேலத்துக்காரர் ஒருவரிடம் புலம்பினேன், இங்கே ஆறு வருஷமாக இருக்கிறார். நான் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: “தம்பி, லெட்டர் பாக்ஸ்ல என்ன பேரு ஒட்டியிருக்க?”

என் பெயர்தான். எஸ். பேனாவால் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டியது.

“அப்பா பேரு?”

இல்லை.

இந்த ஊரில் முகவரியில் வீட்டு எண் என்று ஒன்று கிடையாது. கட்டட எண் வரைதான். அதற்குள் பதினாலு குடித்தனம் இருந்தால் தபால்காரர் பதினாலு பெட்டியில் பெயரைத் தேடுவார், கடிதத்தில் இருக்கும் குடும்பப் பெயரை. அது இல்லாவிட்டால் ‘பெறுநர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் தேடியது என் அப்பாவை. அப்பா திருச்சியில் ஈசி சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் கம்பெனி எச்ஆர் பெண் ஏபிஎச்சுக்குத் தொலைபேசியில் பேசினார். நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினார், அவருக்குக் கோயில் கட்டலாம். விஷயம் இதுதான்: என் விண்ணப்பம் எஸ் மேஜையில் ஐந்து வாரம் கிடந்து, வி மேஜைக்கு மாறியிருக்கிறது. வி மேஜைக்காரர் செப்டம்பரிலேயே கைரேகை கொடுக்க வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். கடிதம் திரும்பிப் போயிருக்கிறது. நானும் போகவில்லை, கோப்பை ஓரமாக வைத்துவிட்டார்கள். அடுத்து கிடைத்த தேதி ஜனவரி 12. என் விசா முடிவது நவம்பர். தங்கைக்குக் கல்யாணம் தை மாதத்தில்.

ஒரு நல்ல சேதியும் இருந்தது. தப்பான மேஜைக்குப் போனாலும் அதே அலுவலகம்தான் என்பதால் ஜூலை 9 தேதியே விண்ணப்பத் தேதி என்று ஒப்புக்கொண்டார்கள். விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும் வரை சட்டப்படி இங்கே இருக்கலாம், வேலையும் செய்யலாம். ஆகவே அந்தத் தானியங்கிப் பதிலை அழிக்காதீர்கள். அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான்.

இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள். ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஜெர்மன் வந்துவிட்டது. கட்டணம் 13 யூரோ. நவம்பர் 24 காலை போய் வாங்கினேன். வி அலுவலர் தங்கமான மனிதர், பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். டிராமில் ஏறி உட்கார்ந்து தாளைப் பிரித்தேன்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தாளின் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட்டிருப்பார்கள். முதல் கட்டம், குடியிருப்புச் சட்டப் பிரிவு 81இன் 3ஆம் உட்பிரிவு: இங்கே இருக்கலாம் என்பது மட்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. மூன்றாவது கட்டம், 4ஆம் உட்பிரிவு: பழைய விசா தொடர்வதாகக் கருதப்படும், போகலாம், வரலாம். டி விசாவில் வந்து, அது முடிவதற்குள் விண்ணப்பித்தவருக்கு மூன்றாவதுதான் வர வேண்டும். எனக்கு முதலாவதில் குறி போட்டிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். அதே பாதுகாவலர். “டெர்மின்?” காலை நேரத்து முன்பதிவுத் தாளையே காட்டினேன். ஒரு நொடி யோசித்தார், விட்டுவிட்டார். மேலே போய்ப் பாதி ஜெர்மனில், பாதி விரலில் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். வி அலுவலர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “ஓ” என்றார். கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். இரண்டாவது தடவை 13 யூரோ கேட்கவில்லை. இந்த ஒன்பது மாதத்தில் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான், அன்று சாயங்காலம் பாயசம் வைத்துக் குடித்தேன்.

ஜனவரி 12 கைரேகை. சென்னையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டூடியோவில் 35க்கு 45 மில்லிமீட்டரில் எட்டுப் படம் எடுத்து, காது தெரிகிறதா, பல் தெரியவில்லையா என்று அண்ணன் சரிபார்த்து, கவரில் போட்டுக் கொண்டு வந்திருந்தேன். அலுவலர் கையிலேயே வாங்கவில்லை. 2025 மே முதல் புது விதி, சலுகைக் காலமும் ஜூலையோடு முடிந்துவிட்டது. இனி காகிதப் படம் செல்லாது. அலுவலகத்துக் கருவியிலேயே 6 யூரோ கொடுத்து எடுக்க வேண்டும், இல்லை அனுமதி பெற்ற கடையில் எடுத்து, அவர்கள் தரும் குறியீட்டைக் கொண்டுவர வேண்டும். அலுவலகக் கருவி அன்று வேலை செய்யவில்லை. இதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்ச் சாரியில் சோப்பு, ஷாம்பு விற்கும் பெரிய கடையில் எடுத்துத் தருவார்கள் என்று சொல்லி, அரை மணி நேரம் கொடுத்தார். பனியில் ஓடிப் போய், வியர்த்து வழியும் முகத்தோடு எடுத்த படம்தான் இப்போது அட்டையில் இருக்கிறது. சென்னைப் படங்கள் எட்டும் அப்படியே இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன்.

அட்டைக்குக் கட்டணம் 100 யூரோ. பெர்லினில் அரசு அச்சகத்தில் அச்சாகி வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் கல்யாணம். தாளோடு கிளம்பினேன்.

போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது சென்னை கவுண்டரில் இருந்த பெண், “உங்க விசா முடிஞ்சு போச்சே சார்” என்றார். தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் யாருக்கோ போன் போட்டார். இருபத்தைந்து நிமிடம். நேர் விமானம் எடுத்ததற்கு அப்போதுதான் நன்றி சொன்னேன். நடுவில் இன்னொரு ஊரில் மாறியிருந்தால் இதே நாடகம் இரண்டு தடவை நடந்திருக்கும். தாளோடு பயணம் செய்பவர்கள் பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பையிலேயே வையுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

அட்டை வாங்கப் போன அன்று கடைசி அடி. நிரந்தர வேலை ஒப்பந்தம் இருந்தால் நாலு வருஷத்துக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். அட்டையில் 2028 மார்ச் என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். வி அலுவலர் என் பாஸ்போர்ட்டைத் திறந்து, அது காலாவதியாகும் தேதியில் விரலை வைத்தார். பாஸ்போர்ட்டைத் தாண்டி அட்டை போகாதாம். இரண்டு, மூன்று வருஷம்தான் மிச்சம் இருக்கிறது என்றால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள், அங்கே அது சில வார வேலைதான்.

லெட்டர் பாக்ஸில் இப்போது அச்சடித்த அட்டை, முதல் வரியில் அப்பா பெயர், கீழே என் பெயர். ஒட்டிய மறு வாரமே முதல் கடிதம் வந்தது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, குடிவந்த ஜூன் மாதத்திலிருந்து பாக்கியோடு. வாட்ஸாப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். “என் பேர்ல கடன் வேற வாங்கிட்டியா?” என்று கேட்டார்.