மாருதி 800 கியர் பாக்ஸ்: இறக்காமலே எவ்வளவு தூரம் போகலாம்?

என்னிடம் இருப்பது நாலு கியர் மாருதி 800. 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்றுபோன வண்டி, ஆனால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் கிடையாது, பார்ட்ஸும் கிடைக்கிறது. தொந்தரவு மூன்று: இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று உரசல், ரிவர்ஸ் சில நேரம் விழவே விழாது, கியர் லிவர் தொளதொளவென்று ஆட்டம். காட்டிய இடத்தில் பானட்டைக்கூடத் திறக்காமல் "பாக்ஸை இறக்கணும்" என்றுவிட்டார்கள். இறக்க வேண்டியும் வரலாம், ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானா என்று பார்க்காமல் எதற்கு இறக்குவது? சரி, வெளியிலிருந்து உள்ளே போவோம் என்று வீட்டு முற்றத்திலேயே ஆரம்பித்தேன்.

முதலில் கிளட்ச். இந்தப் பாக்ஸில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது, அதுவே நமக்கு நல்ல சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்துக் கொஞ்ச நேரம் பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அதற்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழ வேண்டும். பொறுத்த பிறகும் உரசினால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். என் வண்டியில் உரசியது. பெடலில் ஏறக்குறைய 2 செ.மீ. ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யும் முன் பெடல் சும்மா போகும் தூரம், இருந்தால் போதும், இதில் பாதிப் பெடல் சும்மா போனது. பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருகினால் சரியாகிவிடும், ஆனால் கடல் காத்து படுகிற ஊரில் அந்த நட்டு அவ்வளவு லேசாகத் திரும்புமா? துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் அசைந்தது. கேபிளே உள்ளுக்குள் பிசிறடித்திருந்ததால் புதுசு மாட்டிவிட்டேன். ரிவர்ஸ் பிரச்சினை அன்றோடு முடிந்தது.

லிவர் ஆட்டம் இன்னும் எளிது. லிவரிலிருந்து பாக்ஸுக்கு அடியில் கம்பி போகிறது, அதன் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் பொடிந்து போயிருந்தன. புதுசு போட்டதும் கை வைத்த இடத்தில் கியர் இருக்கிறது. இது கியர் பாக்ஸ் வேலையே இல்லை, ஆனால் இதற்கும் சேர்த்துத்தான் இறக்கச் சொன்னார்கள்.

அப்புறம் ஆயில். டிரெயின் பிளக்கைக் கழற்றும் முன்னால் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளதை வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம், ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம், திடீரென்று நொறுங்கிவிடும், ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி வடித்தேன். கருப்பாக வரும் என்று பார்த்தால் பால் சாயா நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 2021 நவம்பர் வெள்ளத்தில் வண்டி நின்றது என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. பாக்ஸுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயும் விரிசல் விட்டிருந்தது, அதை மாற்றினேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொல்பவர்கள் உண்டு, நான் செய்யவில்லை, இடுக்கில் தங்குகிற மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். பதிலாகப் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி வடித்தேன்.

முதலில் வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது மஞ்சளாகப் பொடி மினுங்கியது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே விட்டேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சேறு ஒட்டியது, அது இரும்பு, பழைய வண்டியில் அந்த அளவு இருக்கத்தான் செய்யும். மஞ்சள் பொடி ஒட்டவில்லை. பித்தளை. அதாவது சின்க்ரோ ரிங் தேய்ந்து வந்தது. கியர் விழும் முன் இந்த ரிங்தான் கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது, அது வழுக்கினால் பல்லும் பல்லும் மோதும். நம்ம மாவட்டத்தில் ஒரு ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர் ஆரம்பித்துவிடுகிறது, வளைவும் ஏற்றமும் வேறு, நாள் முழுக்க இரண்டாவது கியர்தான். அது முதலில் தேய்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

கடையில் "90 ஆயில்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று ஜிஎல்-5 டப்பாவைத்தான் நீட்டினார்கள். 90 என்பது தடிமன் மட்டும், ஜிஎல் எண்தான் ஆயிலின் வகையைச் சொல்வது. ஜிஎல்-5 டிஃபரென்ஷியலின் ஹைபாய்டு பற்களுக்கானது, அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், சில வகைகள் பித்தளையை அரிக்கும், ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். நான் ஊற்றியது 75டபிள்யூ-90 ஜிஎல்-4. பானட் பக்கமிருந்து நீள ஹோஸும் புனலும் வைத்து, ஃபில்லர் துளையில் வழிகிற வரை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சரிவில் நின்றால் அளவு தப்பிவிடும்.

இப்போதைய நிலை: வண்டி சூடான பிறகு இரண்டாவது கியர் பெரும்பாலும் சத்தமில்லாமல் விழுகிறது, காலையில் மட்டும் உரசுகிறது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மக்ளே, நியூட்ரல்ல ஒரு மட்டம் காலை எடுத்துட்டு மறுக்கச் சவுட்டிப் போடு" என்றார். டபுள் கிளட்ச், அதாவது ஒரு கியருக்கு இரண்டு முறை கிளட்ச் மிதிப்பது. அப்படிப் போட்டால் காலையிலும் வெண்ணெயாக விழுகிறது, கிளட்சில் குறை இல்லை, ரிங் மட்டும்தான் என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது.

ஆகவே பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது அவசரமில்லை. கிளட்ச் பிளேட் மாற்றும்போது எப்படியும் இறக்குவார்கள், அந்தக் கூலியிலேயே பாதி வேலை முடியும். இரண்டாவது கியர் ரிங், ரிலீஸ் பேரிங், டிரைவ் சாஃப்ட் ஆயில் சீல் இரண்டு, இவற்றை இப்போதே வாங்கி வைக்கிறேன். நகர்ந்து போய்க் கியரில் பூட்டும் ஸ்லீவின் பல் முனை மழுங்கியிருக்கிறதா என்பது திறந்தால்தான் தெரியும், மழுங்கியிருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.