எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேதியியல்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழியில் படித்தேன். வேதியியலில் வகுப்பில் எப்போதும் நான்தான் முதல், அந்த தைரியத்தில்தான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. வேதியியலே எடுத்துச் சேர்ந்தேன். முதல் வாரமே வகுப்பில் எழுப்பி ஹைப்ரிடைசேஷன் என்றால் என்ன என்று கேட்டார்கள். நின்றேன், அவ்வளவுதான். உட்காரச் சொல்லும் வரைக்கும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அணுவில் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டால்கள் கலப்பதைச் சொல்லும் இனக்கலப்பு என்பதும், மீத்தேனுக்கு sp³, அசெட்டிலீனுக்கு sp என்று படம் போட்டு நான் முழு மதிப்பெண் வாங்கிய அதே கேள்விதான் என்பதும் அன்று ராத்திரி விடுதியில்தான் தெரிந்தது. அழுகையாக வந்தது.

அப்புறம் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது, தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றியது ஆய்வகம். அன்றைக்கு டைட்ரேஷன் என்றார்கள், வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஸ்டாண்டில் பியூரெட்டைப் பார்த்ததும், ஏ இது தரம் பார்த்தல்தானே, அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு கண்டுபிடிப்பதுதானே என்று தோன்றியது. பிப்பெட்டில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, காரம் கூடினால் ரோஸ் நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு போட்டு, இடது கை பியூரெட்டின் குழாயைத் திருக வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு விழும் இடத்தில் ரோஸ் நிறம் வந்து வந்து மறையும், முடிவு நெருங்க நெருங்க மறைவதற்கு நேரம் எடுக்கும், அங்கேதான் கையை அடக்கி ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு கூடினால் அடர்ந்த ரோஸ் ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு இளம் ரோஸில் நின்றது, அடுத்த முறையும் அதே அளவு. பக்கத்து மேசைத் தோழிக்கு மூன்று தடவையும் அடர்ந்துபோனது. "ஏட்டி, எப்படிட்டி நிப்பாட்டுன?" என்று கேட்டாள். கல்லூரியில் ஒருவர் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் முறை.

விடுதியில் ஒரு அக்கா சொல்லித்தான் அடுத்த வேலையை ஆரம்பித்தேன். தமிழ்நாடு பாடநூல் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாடம், படம், கணக்கு எல்லாம் ஒன்றுதான் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அதுவே அகராதி. நோட்டில் நடுவில் கோடு போட்டு எழுதினேன்: வினைவேக மாற்றி, கேட்டலிஸ்ட். வீழ்படிவு, பிரெசிபிடேட். ஒரு நாளைக்குப் பத்து சொல். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்ததால் நோட்டுக்கும் டேட்டாவுக்கும் வீட்டில் கேட்க வேண்டியிருக்கவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம். தீபாவளிக்குள் வகுப்பில் கை தூக்கி, "மேடம், இதைத் தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். நான் கேட்ட பிறகு இன்னும் நாலு பேர் கேட்டார்கள்.

தமிழ் வழியில் படித்ததால்தான் பின்தங்கினேன் என்று யாராவது சொன்னால் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பாடத்துக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வலிமை மிகு அமிலத்துக்கும் வலிமை குறைந்த காரத்துக்கும் ஏன் பினாப்தலீன் சரிவராது என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். முடிவு நிலை pH 7-க்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம் வரும், பினாப்தலீன் நிறம் மாறுவது 8-க்கு மேலே, அதனால் மெத்தில் ஆரஞ்சு என்று பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

லீவுக்கு வந்ததும் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் என்று. அம்மா துணி அலசிக்கொண்டே கேட்டாள்: "மஞ்சக் கறையில சோப்பு பட்டா செவந்து போகுமே, அதுவாட்டி?"

அதேதாம்மா என்றேன்.