கயாவில் விட்ட பலா

அம்மா போய் வருஷம் ஒன்று முடிந்ததும் கயாவுக்குப் போனேன். பல்கு நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என மூன்று இடத்திலும் பிண்டம் போட்டாயிற்று. கடைசியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை இனித் தொடுவதில்லை என்று விடச் சொன்னார்கள். பழத்துக்குப் பலாவைச் சொன்னேன். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை சுளையாக எடுத்துத் தந்த பழம். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்து போத்கயா. செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டு வெறுங்காலோடு படியிறங்கினேன். மகாபோதி கோவிலுக்குப் பின்னால், மேற்கே, புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் நிற்கும் அந்த அரசமரம். கீழே இலங்கையிலிருந்து வந்த யாத்திரைக் குழு ஒன்று வெள்ளையுடுத்தி அமர்ந்திருந்தது. கூட வந்த பிக்குவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"சாமி, அம்மா இப்போ எங்கே இருப்பாங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் மரத்தைக் காட்டினார். பழைய மரம் 1876இல் புயலில் சாய்ந்தது. இப்போது நிற்பது 1881இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் நட்டது. "பகவான் உட்கார்ந்த மரமா என்றால் அதுவுமில்லை, வேறா என்றால் வேறுமில்லை. ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றுகிற மாதிரி" என்றார். பழங்காலப் பௌத்தத் துறவி நாகசேனர், கிரேக்க மன்னன் மிலிந்தனுக்குச் சொன்ன உவமை அது. உடல் விட்டு உடல் தாவும் ஆன்மா என்று ஒன்றைப் பௌத்தம் ஏற்பதில்லை. வினை தொடர்கிறது, அவ்வளவுதான்.

சரி, முதல் உயிர் எங்கிருந்து வந்தது? பிறவித் தொடருக்கு முதல் முனை தென்படாது என்பது புத்தர் வாக்காம். அப்புறம் பிக்கு சொன்ன இன்னொரு புத்தர் வாக்குதான் என்னை உலுக்கியது: அவ்வளவு நீண்ட காலத்தில், ஒரு பிறவியிலாவது நமக்குத் தாயாக இருந்திராத உயிரைக் காண்பது அரிது. காலையிலிருந்து ஒருத்திக்காக அழுதுகொண்டிருந்தவன் நான். சுற்றி இருந்த முகங்களை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பலகையில் விழுந்து விழுந்து வணங்கிய திபெத்தியக் கிழவியையும்.

பிறவிக்குக் காரணமான 12 சார்புகளையும் மணிமேகலை தமிழிலேயே வரிசைப்படுத்தியிருக்கிறது. பேதைமையில் தொடங்கி, செய்கை, உணர்வு என்று போகும் சங்கிலி. அதில் நுகர்வு, வேட்கை, பற்று என்ற இடம் வந்ததும் பலா ஞாபகம் வந்தது. விட்டது பழத்தை மட்டும்தான். சுளை தந்த கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழுவினர், செய்த புண்ணியத்தை இறந்த சொந்தங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் புண்ணியதானத்துக்குத் தயாரானார்கள். தட்டில் ஒரு கிண்ணம், பக்கத்தில் சின்னச் செம்பு. பிக்கு என்னையும் செம்பைத் தொடச் சொன்னார். "பிரேத உலகில் இருப்பவர்களுக்குத்தான் இது சேரும். உங்கள் அம்மா வேறு நல்ல பிறவி எடுத்திருந்தால், அங்கே இருக்கும் உங்கள் வேறு சொந்தம் யாருக்காவது போகும். சொந்தமே இல்லாமல் அந்த இடம் காலியாக இருக்காது, தம்பி."

பாலி மொழியில் ஓதினார்கள்: 'இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ.' இது என் சுற்றத்தாருக்குச் சேரட்டும், அவர்கள் சுகமாக இருக்கட்டும். காலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே விரல்களால் செம்பைச் சாய்த்தேன். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது. அம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "எல்லோருக்கும்" என்றுதான் வந்தது.