வார நாள் ஆய்வகத்துக்கு, ஞாயிறு எனக்கு

ஜப்பானில் முதுகலை படிக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் வகுப்பு, பரீட்சை என்றுதான் நினைக்கிறார்கள். அதெல்லாம் இருக்கிறது, ஆனால் ஓரமாக. நடுவில் உட்கார்ந்திருப்பது ஆய்வகம். பொறியியல் மாணவனுக்கு இங்கே ஆய்வகம்தான் வீடு, வாசல், ஊர் எல்லாமே. ஆளுக்கு ஒரு மேசை உண்டு. மதியம் அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தலை சாய்த்துக் கொஞ்சம் தூங்குவார்கள். வாரம் ஒருமுறை ‘ஸெமி’: ஒருவர் தன் வேலையைச் சொல்ல, பேராசிரியர் கேள்வி கேட்க, மற்றவர்கள் மும்முரமாகக் குறிப்பெடுப்பார்கள். மாலை ஆறானாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. இரு என்று யாரும் சொல்வதும் இல்லை. முதலில் கிளம்புகிறவர் “ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்” (உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும்) என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். ஜப்பானிய மொழியில் எனக்குச் சரளமாக வந்த முதல் வாக்கியம் அதுதான்!

நான் இருப்பது செண்டாயில். டோக்கியோவுக்கு வடக்கே, புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். வளாகம் அவோபாயாமா என்ற குன்றின் மேல். சைக்கிளில் ஏறினால் முழங்கால் கேள்வி கேட்கும். 2015இல் தோசாய் வழித்தடம் வந்த பிறகு சுரங்க ரயிலில் பத்து நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். இறங்கும்போது மட்டும் சைக்கிள் சுகம்.

வந்த புதிதில் காகித வேலை நிறைய. குடியேறிய 14 நாள்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும் (அதன் பிறகு மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து), ஓய்வூதியத்துக்கு மாணவர் விலக்குக் கேட்க வேண்டும். பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி, அதுவும் வாரம் 28 மணி நேரம் வரைதான். இதற்கெல்லாம் பல்கலைக்கழகமே ஒரு ஜப்பானிய மாணவரைத் துணைக்குக் கொடுத்தது. எனக்கு வாய்த்தவர் வாயே திறக்காத ஆள், ஆனால் குப்பை போடும் நாள்களை மட்டும் படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். பச்சைப் பையில் வீட்டுக் குப்பை, சிவப்புப் பையில் பிளாஸ்டிக். அந்தப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். இரவு எட்டு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நாடகம் நடக்கும். ஊழியர் ஒருவர் கையில் ஸ்டிக்கர் ஒட்டும் கருவியோடு வருவார். மீன் பக்கமும் பென்தோ என்ற பெட்டிச் சாப்பாட்டுப் பக்கமும் அதுவரை எதையோ தேடுவதுபோல் நின்ற பத்துப் பேரும் மெல்ல நகர்ந்து வருவார்கள். பாதி விலை ஸ்டிக்கர் விழுந்த அடுத்த நொடி பெட்டி கூடைக்குள் போய்விடும். இடிபாடு இல்லை, சத்தம் இல்லை. பக்கத்தில் நிற்கும் பாட்டியை முந்த மட்டும் இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுச் சமையல் சனிக்கிழமைதான். கடைகளில் கிடைப்பதெல்லாம் ஒட்டும் அரிசி. தோசைக்கு ஹலால் கடையில் நீள அரிசி வாங்குகிறேன். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. அதற்குக் கொதாட்சு இருக்கிறது: அடியில் சூடாக்கி பொருத்தி, மேலே மெத்தை போர்த்திய குட்டை மேசை. காலை நீட்டி உட்காரும் இடத்தில் மாவுப் பாத்திரத்துக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன். வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊரிலிருந்து மிக்ஸி சுமந்து வராதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது சோம்பலாகச் சுற்றும், உளுந்து அரையாது. குக்கர் கொண்டுவரலாம், ஆனால் தங்குமிடத்தில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பா என்று முதலில் கேளுங்கள். அதில் சாதா அலுமினியக் குக்கர் சூடே ஆகாது.

ஆய்வகத்துக்காரர்களை எனக்கு மனிதர்களாகக் காட்டியது ஓர் அக்டோபர் ஞாயிறு. இலையுதிர் காலத்தில் இந்தப் பக்கம் ‘இமோனிகாய்’ நடத்துவார்கள். ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்குக் குழம்பு கொதிக்க வைத்துக் கூடிச் சாப்பிடுவது. பருவம் வந்துவிட்டால் கடைகளிலேயே விறகு விற்கும், பெரிய பாத்திரம் கடன் தருவார்கள். நாங்கள் ஹிரோசே ஆற்றங்கரைக்குப் போனோம். கிழங்கு உரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நம் வீட்டில் தோலோடு வேக வைத்துத்தானே உரிப்போம், இவர்கள் பச்சையாகவே சீவுகிறார்கள். கை அரிக்குமே என்றேன். “ஆமாம், அரிக்கும்” என்று சொல்லிவிட்டுச் சீவிக்கொண்டே இருந்தார்கள். அரித்தது. ஸெமியில் என்னைக் கேள்விகளால் துளைக்கும் சீனியர், புகையில் கண் கலங்கியபடி விசிறிக்கொண்டிருந்தார். நான் பன்றி சாப்பிடுவதில்லை என்று யாரோ நினைவு வைத்து, சின்னப் பாத்திரத்தில் கோழி போட்டுத் தனியாக ஒன்று ஏற்றியிருந்தார்கள். நான் கேட்கவே இல்லை.

அப்புறம் சண்டை வந்தது. செண்டாய்க்காரர்கள் பன்றியும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் போடுவார்கள், பக்கத்து யாமகதாக்காரர்கள் மாட்டிறைச்சியும் சோயா சாஸும். எது சரி என்று, நாள் முழுக்க வாய் திறக்காத, எனக்குத் துணைக்கு வாய்த்த அந்த மாணவர் அரை மணி நேரம் வாதாடினார். அவர் யாமகதாக்காரர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அவர் ஊரில் செப்டம்பரில் ஆறரை மீட்டர் அகலப் பாத்திரத்தில் இதே குழம்பு வைத்து, புல்டோசர் மாதிரி இயந்திரத்தால் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பெருமையாகக் காணொளி காட்டினார்.

மற்ற ஞாயிறுகளில் ரயில். மாட்சுஷிமா விரிகுடா, மலைமேல் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறும் யாமாதேரா, இரண்டுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். சுற்றுலாப் பட்டியலில் கடைசியில் வரும் ஓர் இடத்தை நான் முதலில் சொல்வேன்: கடலோர அராஹாமா தொடக்கப் பள்ளி. 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது மாணவர்களும் ஊராருமாக 320 பேர் இந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஏறிப் பிழைத்தார்கள். கடலூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. உடைந்த கைப்பிடிகளையும் சேறு ஏறிய உயரத்தின் குறியையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். நம் கடற்கரையிலும் ஒரு கட்டடத்தை இப்படி விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

டோக்கியோ போக விடுமுறைக்குக் காத்திருப்பேன். புல்லட் ரயில் ஒரு வழிக்கே 11,000 யென்னைத் தாண்டும். விடுமுறைப் பருவங்களில் மட்டும் செல்லும் ‘செய்ஷுன் 18’ சீட்டில் சாதாரண ரயில்களில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், மூன்று நாளுக்கு 10,000 யென். முன்பு பருவத்துக்குள் பிடித்த ஐந்து நாள்களில் பயன்படுத்தலாம், 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ந்த நாள்களில்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். மாணவர்கள் வயிறெரிந்த மாற்றம். ஃபுகுஷிமா, குரோயிசோ, உட்சுனோமியா என்று மாறி மாறிப் போனால் முழுப் பகல் ஆகிவிடும். திங்கள்கிழமை ஆய்வகத்தில் கேட்பார்கள், டோக்கியோவில் என்ன பார்த்தாய் என்று. கோபுரம், கோயில் எதையாவது சொல்லி வைப்பேன். உண்மையில் நான் போவது இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாய்க்கு, துவரம்பருப்பும் பெருங்காயமும் வாங்க.