கோப்பியும் ரயில் பாதையும்: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 3

இன்றிலிருந்து அண்ணனின் நாய் கோப்பி என் பொறுப்பு. அண்ணி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் படுத்திருக்கும் மருத்துவமனைக்கு டாக்சியில் ஏறினார், அவ்வளவுதான். மதியம் வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து வரிசையாகக் குரல் பதிவுகள், ஒவ்வொன்றும் மூச்சு வாங்க வாங்க. "டேய், கழுத்துப் பட்டையில லீஷ் மாட்டாதே, ஹார்னஸ்தான். தண்ணி ரெண்டு பாட்டில். பத்து மணிக்கு மேல வெளியே கொண்டு போகாதே. கறுப்பு நாய்டா, வெயில் மொத்தமும் அது மேலதான் விழும்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அது நடக்கணும், வீட்டிலேயே அடைச்சு வைக்காதே."

கால்நடை மருத்துவர் போன மாதம் சொன்னதை அண்ணி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். கோப்பியின் குரல்வளையில் ஒரு பக்கம் சரியாகத் திறப்பதில்லை, வயதான நாய்களுக்கு வருவதுதான், குரைப்பு கரகரத்துப் போனதும் அதனால்தான். நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சிரைப்பதை விட்டால் அதற்கு வேறு வழி கிடையாது. அந்த வழியே குறுகிப்போயிருக்கிறது என்றால்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 4

காலை 6.50. தரை சூடில்லை. மூச்சில் சத்தம் கம்மி. அண்ணன் தூங்குகிறாராம்.

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதைக்கு, அதாவது சிங்கப்பூரில் ரயில் நின்றுபோய் நடைபாதையாகிவிட்ட பழைய தடத்துக்கு, யாரும் நாயோடு வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். சைக்கிள், ஓட்டக்காரர்கள், குழந்தை வண்டி, அதற்கு நடுவில் முக்காலி வைத்துப் பறவையைப் படம் பிடிக்கிறவர்கள். நீளும் லீஷ் போட்ட ஒரு பூடில் பாதையின் அந்தப் பக்கம், அதன் அம்மா இந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு, நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய கயிறு. சைக்கிள்காரர் கடைசி நொடியில் பிரேக் போட்டார். மணி அடித்திருக்கலாம் என்று அந்தப் பெண் கோபப்படுகிறார், கயிற்றைச் சுருக்கியிருக்கலாம் என்று இவர் கோபப்படுகிறார். பொது இடத்தில் நாயை லீஷில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம், சரி. பிடித்திருப்பது போலவே இல்லாமல் பிடித்திருப்பதை என்ன செய்வது?

நான் கோப்பியை இடது பக்கம் புல்லோரமாகவே நடத்துகிறேன், சைக்கிள் சத்தம் கேட்டால் லீஷைச் சுருக்கி, அதற்கும் பாதைக்கும் நடுவில் என் கால் இருக்கும்படி நிற்கிறேன். புல்லோரத்தில் இன்னொரு லாபம், பாதம் சுடாது. இந்தப் பாதையில் பெரும்பாலும் கெட்டிப்படுத்திய சரளை மண்தான், தார் அளவுக்குக் காயாது. சாலையைக் கடக்கிற இடங்களில்தான் தார். ஒவ்வொரு இடத்திலும் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுகிறேன். எண்ணி முடிக்கிற வரை கை தாங்கினால் போகலாம். காற்று 25 டிகிரி இருக்கும்போதே வெயில் படுகிற தார் 50-ஐத் தாண்டிவிடும் என்கிறார்கள், நம் ஊரில் 25 டிகிரி என்பது விடியற்காலை. கடந்து போகிறவர்கள் நான் எதையோ கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணனிடம் இன்று பேச முடியவில்லை.

ஏப்ரல் 7

இந்தப் பாதையில் எனக்குப் பயமே அதன் நேர்க்கோடுதான். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், 2011 ஜூன் 30 வரை மலாயா ரயில் ஓடிய தடம். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றமும் இல்லை, பெரிய வளைவும் இல்லை, கால் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பூங்காவைச் சுற்றி வந்தால் முடியவில்லை என்றதும் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். இங்கே போன தூரம் முழுவதையும் திரும்பவும் நடந்தாக வேண்டும், அதுவும் இன்னும் ஏறிய வெயிலில். எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றிக்கொண்டு வரலாம் என்றால் வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. போகும்போது நாய் ஒன்றும் சொல்லாது. வாசனை பிடித்துக்கொண்டு உற்சாகமாகத்தான் போகும். திரும்பும்போதுதான் நிற்கும், அதற்குள் தன்னால் முடிந்ததையெல்லாம் நடந்து முடித்திருக்கும்.

அதனால் கோப்பி களைப்பதற்காகக் காத்திருப்பதில்லை, அது நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். அதற்கு அது பிடிக்கவில்லை. திரும்பித் திரும்பி வடக்கே பார்க்கிறது. அண்ணனோடு கிராஞ்சி வரை போயிருக்கிறதாம், இளம் வயதில். இப்போது அந்தப் பக்கம் நினைத்தும் பார்க்க முடியாது, புக்கிட் பாஞ்சாங் தாண்டி வடக்கே போனால் பெரும்பகுதி வெட்டவெளி. தெற்கே ஹில்வியூ, ரயில் மால் கடைவரிசைப் பக்கத்து இரும்புப் பாலம், அதைத் தாண்டினால் புக்கிட் தீமா காட்டோரம், அங்கே மரம் குடை பிடிக்கிறது. காலையில் கிழக்குப் பக்கத்து மரங்களின் நிழல் பாதை மேலேயே விழும். பத்து மணிக்கு மேல் அந்த நிழல் மரத்தடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். ஏப்ரலில் உச்சி வெயிலுக்கு நம் நிழல்கூட நமக்குக் கிடைக்காது.

ஏப்ரல் 9

கை இன்னும் நடுங்குகிறது, எழுதிவிடுகிறேன்.

நாங்கள் திரும்பி வருகிறோம், மணி ஒன்பதேகால் இருக்கும். ரயில் மால் பக்கம் ஓர் இளைஞர், அவருடைய பிரெஞ்சு புல்டாக். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது, குறட்டை போல, அறுப்பது போல. கிட்டே போனால் நாக்கு நுனி கரண்டி மாதிரி அகன்று, ஓரம் மேலே சுருண்டு, எச்சில் நூல் நூலாகக் கெட்டியாக. ஈறு செங்கல் நிறம். பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் நழுவுகின்றன. அந்தத் தம்பி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு "கம் ஆன், பாய், கம் ஆன்" என்கிறார். அணைத்தால் அவர் உடம்புச் சூடும் சேர்ந்து ஏறும். கீழே வையுங்கள் என்று சொன்னேன், கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிழலில் கிடத்தி இரண்டு பாட்டில் தண்ணீரையும் வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம் என்று ஊற்றினேன். அவர் சட்டையைக் கழற்றி நனைத்துப் போர்த்தப் போனார். போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும், அதைக் கையில் வைத்து விசிறுங்கள் என்றேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு சீன அங்கிள் நின்று தன் பாட்டிலையும் கொடுத்துவிட்டுத் தொப்பியால் விசிற ஆரம்பித்தார். வாய்க்குள் ஊற்றவில்லை, தலை நிமிராத நாய்க்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் குளிர்வி, அப்புறம் கிளம்பு, இதைத்தான் அண்ணி பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். நாயின் இயல்பான சூடே 38, 39. 41-ஐத் தாண்டினால் உள்ளே ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும். மூக்கு சப்பையான நாய்களுக்கு அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. கார் வந்தது, ஏசியை முழுசாக வைக்கச் சொன்னேன், போய்விட்டார்கள். பெயர் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை.

இத்தனைக்கும் கோப்பி லீஷின் நீளம் வரை விலகி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்களிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த அங்கிள் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 10

மூன்று பாட்டில். இனிமேல் மூன்று.

ஏப்ரல் 12

மதியத்திலிருந்தே வானம் கறுத்து, நாலரைக்கு இடி. சாயங்கால நடை கிடையாது. வெட்டவெளியில், உயரமாக நீ ஒருவன்தான் நிற்கிறாய் என்கிற மாதிரி ஒரு பாதையில் மின்னல் நேரத்தில் எதற்கு? ஆனால் மழை விட்டபின் ஆறரைக்கு இறங்கினேன், குளிர்ந்திருக்கும் என்று நம்பி. தப்பான நம்பிக்கை என்று சொல்ல முடியாது, தரை குளிர்ந்திருந்தது, காற்றுதான் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் நாக்கில் இருக்கிற ஈரம் எப்படி ஆவியாகும்? ஐந்து நிமிடத்தில் கோப்பியின் மூச்சில் அந்தச் சத்தம் வந்துவிட்டது. போனில் வெப்ப அழுத்த அளவு குறைவு என்று காட்டுகிறது, 31-க்குக் கீழே இருந்தால் குறைவாம். அது மனிதர்களுக்கு, குரல்வளை முழுசாகத் திறக்கிறவர்களுக்கு.

அண்ணனுக்கும் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. காலையில் கோப்பியைச் சீக்கிரமே நடத்திவிட்டு, காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோவிலுக்குப் போனேன். ரயில்வேயில் வேலை பார்த்த நம்மாட்கள் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் 1932-இல் சின்னதாக வைத்துக் கும்பிட்ட சாமி, அப்புறம்தான் இந்தக் கட்டடம், இந்தக் கோபுரம். தண்டவாளத்துக்குக் காவலாக இருந்த சாமி என்றால் தண்டவாளத்தில் நடக்கிறவர்களுக்கும் காவல்தானே என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அண்ணன் பெயருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டார்கள், மறந்துபோய் அண்ணிக்கு போன் போட்டுக் கேட்டேன், அவர் அழுதுவிட்டார்.

வடை வாங்கி மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சாப்பிடக்கூடாதாம்.

ஏப்ரல் 15

லிஃப்டில் ஓர் அம்மா, "இது சிங்கப்பூர் ஸ்பெஷலா? தெருநாய்தானே, வெயில் அதுக்குப் பழகியிருக்குமே" என்றார். பழகியிருக்கிறதாம். பதில் சொல்லவில்லை. சொன்னால் புளோக் முழுக்கக் கேட்டிருக்கும்.

புல்டாக்கைப் பார்க்கவில்லை. ரயில் மால் பக்கம் வேண்டுமென்றே அரை மணி நேரம் நின்றேன்.

ஏப்ரல் 17

இன்று ஹில்வியூ பக்கம் பெரிய உடும்பு ஒன்று பாதையைக் கடந்தது, அவசரமே இல்லாமல். கோப்பி உறைந்துபோய் நின்று, அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரைப்பு. நான் லீஷை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன், உடனே பிரித்தேன், அண்ணன் திட்டுவார், இழுத்தால் விரல் போய்விடும் என்பார். உடும்பு பரவாயில்லை. காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்தால்தான் சிக்கல், அப்படியே பின்னால் நடந்து வந்துவிட வேண்டும். நாகம் வேறு, இங்கே இருக்கிற கறுப்பு நாகம் கண்ணைக் குறி வைத்துத் துப்பும், நாய்தான் முகத்தை முதலில் கொண்டு போய்க் கொடுக்கும். அதற்கும் முதல் மருந்து தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் காது மடலில் ஒரு உண்ணி, ரத்தம் குடித்து உருண்டையாக. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஈறு வெளுக்கிறதா என்றும்.

ஏப்ரல் 18

அண்ணனைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, அண்ணிதான் சொன்னார், வீடியோ கேட்கிறாராம். காட்டினேன். இரும்புப் பாலத்து மேலே கோப்பி நடந்து வருகிறது, அவ்வளவுதான் வீடியோ. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு விரலால் திரையைத் தட்டிக் காட்டினார்: ஹார்னஸின் மார்புப் பட்டை இறுக்கமாக இருக்கிறது, இரண்டு விரல் போக வேண்டும். அந்த நிலையிலும் கண் அங்கேதான் போயிருக்கிறது.

தளர்த்திவிட்டேன். இப்போது இரண்டு விரல் போகிறது.

ஏப்ரல் 19

நடக்கவில்லை. வீட்டிலேயே.

ஏப்ரல் 20

6.40-க்கே இறங்கினோம், இன்னும் இருட்டு, கழுத்தில் சின்ன விளக்கு மாட்டினேன், சைக்கிள்காரர்களுக்குத் தெரியட்டும் என்று. தெற்கே கொஞ்ச தூரம், மரத்தடி ஆரம்பிக்கிற இடம் வரை. கோப்பி நன்றாக இருக்கும்போதே திரும்பினேன். வழக்கம்போல வடக்கே இழுத்தது, வீட்டைத் தாண்டியும், கிராஞ்சிப் பக்கம். வெயில் ஏற இன்னும் நேரமிருந்தது, தரை குளிர்ச்சி, பாட்டில் மூன்றும் நிறைய. சரி, வா என்று கொஞ்சம் விட்டேன். சுங்கை பாங் சுவா கால்வாய்ப் பக்கம் வந்ததும் தானாகவே நின்று, வாயைத் திறந்து தண்ணீர் கேட்டது, குடித்தது, தானாகவே திரும்பியது. இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

அண்ணி ஒன்பது மணிக்கு மேல் போன் போடுகிறேன் என்றிருக்கிறார், பெரிய டாக்டர் வந்து பார்த்தபிறகு. அதற்குள் உண்ணி பார்த்துவிடலாம், இடது காது முடிந்தது, விரல் இடுக்குகள் இன்னும்