காசிமேட்டுப் பையன் ஏன் பஸ்ஸைக் காட்டினான்?

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான நுண்ணறிவுச் சோதனை ஒன்றைத் தமிழில் தரப்படுத்துவதுதான் என் பிஎச்.டி. ஆய்வு. இதே வேலையைத் தொடங்கும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எஸ்பிஎஸ்எஸ்ல என்ன போடணும்க்கா?" என்றுதான். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் கடைசியில் வரும் வேலை. என் ஆய்வு தடுமாறியதும் பிறகு தேறியதும் அங்கன்வாடித் தரையில்.

சோதனையைச் சில பிள்ளைகளிடம் முதலில் போட்டுப் பார்க்கும் முன்னோட்டத்தில் ஒரு அட்டை இருந்தது. படகு, பஸ், லாரி, ஆட்டோ. இதில் சேராதது எது? படகு என்று விடை குறித்திருந்தேன், மற்ற மூன்றும் ரோட்டில் போகிறவை. காசிமேட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சட்டென்று பஸ்மேல் விரலை வைத்தான். பூஜ்யம் போட்டேன். அட்டையை எடுக்கப் போனால் விரலை எடுக்கவில்லை. ஏன் பஸ் என்று கேட்டேன். "பஸ்ல மீன் கூடைய ஏத்த மாட்டாங்க மிஸ்." படகில் மீன் வருகிறது, லாரியில் ஐஸோடு போகிறது, ஆட்டோவில் அவன் அம்மா கூடையோடு ஏறுகிறார். நான்கையும் ஒப்பிட்டு ஒரு விதியைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

பிறகு, மொத்த மதிப்பெண் சமமாக இருந்த பிள்ளைகளைக் காசிமேடு, அண்ணா நகர் என்று பிரித்துப் பார்த்தேன். மற்ற கேள்விகளில் ஒட்டியே வந்தவர்கள் இந்த ஒன்றில் மட்டும் விலகினார்கள். பிள்ளை எந்தத் தெருவில் வளர்கிறது என்பதைத்தான் அந்தக் கேள்வி அளந்திருக்கிறது. ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் சோதனை அளக்கிறதா என்பது, பாடத்தில் மனப்பாடம் செய்தது; அன்றுதான் புரிந்தது. அட்டையை நீக்கிவிட்டேன். முன்னோட்டத்தில் ஒவ்வொரு விடைக்கும் பிறகு "ஏன்?" என்று கேளுங்கள், பதிலை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இறுதிச் சோதனையில் அப்படிக் கேட்க முடியாது.

கட்டளை வாக்கியமும் அப்படித்தான். "வேறுபட்ட படத்தைச் சுட்டிக்காட்டு" என்றபோது பாதிப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுல எது சேராது? காட்டு" என்று மாற்றியதும் விரல்கள் நகர்ந்தன. பேச்சுத் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். ஆனால் வாக்கியம் முடிவானபின், சோதனை செய்பவர் யாராக இருந்தாலும் ஒரு சொல் மாறக் கூடாது.

வயதைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். சேர்க்கைக்காகத் தேதியை மாற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு. இந்த வயதில் ஆறு மாத வித்தியாசமே பெரிது, பிள்ளை தவறான வயதுப் பிரிவில் விழுந்தால் நார்ம்ஸ் (ஒவ்வொரு வயதுக்குமான ஒப்பீட்டு மதிப்பெண்கள்) கெட்டுவிடும். பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். சோதனையைக் காலையில் முடித்துவிடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் கண் சொருகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க எந்தச் சோதனையை எடுத்தாலும் அதன் நார்ம்ஸ் எந்த ஆண்டினுடையது என்று பாருங்கள். பினே-காமத் என்ற இந்திய நுண்ணறிவுச் சோதனை 1930களில் உருவானது. பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் மதிப்பெண் ஏறி வந்திருப்பதால், பழைய நார்ம்ஸில் இன்றைய பிள்ளை கூடுதலாகவே தெரியும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று. நுண்ணறிவு ஈவைக் (ஐ.க்யூ.) கணக்கிட, மன வயதை (பிள்ளையின் அறிவுத்திறன் எந்த வயதுச் சராசரிக்கு ஒத்ததோ அதை) கால வயதால் (பிறந்த தேதிப்படியான வயதால்) வகுத்து 100ஆல் பெருக்குவது பழைய முறை. வகுக்கும் யோசனை 1912இல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் சொன்னது, 100ஆல் பெருக்கியது அமெரிக்க உளவியலாளர் டெர்மன். இன்று தன் வயதுப் பிள்ளைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்க்கிறோம், சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவும் அளவு) 15. சோதனை எவ்வளவு நிலையாக அளக்கிறது என்று காட்டும் நம்பகக் கெழு 0.91 என்றால் அளவீட்டுப் பிழை 4.5 வரும். இருபுறமும் அதன் இரு மடங்கை விட்டால், 88 எடுத்த பிள்ளையின் உண்மையான மதிப்பெண் ஏறக்குறைய 79க்கும் 97க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். அம்மாக்களிடம் ஒற்றை எண்ணைச் சொல்லி அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

வைவாவில், அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்த நார்ம்ஸைத் தருமபுரிப் பிள்ளைக்குப் போடலாமா?" கூடாது என்றேன். "அப்படியென்றால் தலைப்பில் ஏன் 'தமிழ்க் குழந்தைகள்' என்று இருக்கிறது?" என்றார். திருத்தப் பிரதியில் அதை 'சென்னை நகரக் குழந்தைகள்' என்று மாற்றிக் கொடுத்தேன்.