ஒரே ஒரு கோல்: ரெக்கே கேர்ள்ஸ் நாட்குறிப்பு

22 ஜூலை 2023, சனி

நாளை சிட்னியில் ஜமைக்காவுக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம். நம் நேரத்துக்கு மதியம் மூன்றரை. இந்தப் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் நான் விடாமல் பார்க்கப்போவது ரெக்கே கேர்ள்ஸ், அதாவது ஜமைக்கா பெண்கள் அணியின் ஆட்டங்களைத்தான். ஒவ்வொன்றைப் பற்றியும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முப்பது லட்சம் பேர்கூட இல்லாத தீவு அது. 2010 வாக்கில், காசில்லை என்று பெண்கள் அணியையே நிறுத்திவிட்டார்கள். உலகத் தரவரிசையிலிருந்தே பெயர் போயிற்று. 2014இல் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி அணிக்கு உதவ உள்ளே வந்தார். அவருடைய மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த துண்டறிக்கையில் அணிக்கு நிதி கேட்டிருந்தார்களாம். ஒரு தேசிய அணி, பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டீஸ் கொடுத்துக் காசு கேட்ட காலம் அது.

2018 அக்டோபரில் பனாமாவை பெனால்டியில் வென்று, பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் கரீபியன் அணி ஆனார்கள். 2019இல் பிரான்ஸ் போய் மூன்று ஆட்டங்களில் 12 கோல் வாங்கினார்கள். போட்டது ஒன்றுதான், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹவானா சொலான்.

இந்த முறையும் அதே கதைதான். போன மாதம் வீராங்கனைகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சம்பளம் எதுவும் சரியில்லை, ஏற்பாட்டுக் குளறுபடியால் நட்பு ஆட்டங்களே கைவிட்டுப் போயின என்று. ஒரு வீராங்கனையின் தாயார் இணையத்தில் நிதி திரட்டியிருக்கிறார். இப்படி ஒரு அணி நாளை உலகின் ஐந்தாம் இடத்து அணியோடு மோதுகிறது.

23 ஜூலை, ஞாயிறு

0-0!

உலகக் கோப்பையில் ஜமைக்காவின் முதல் புள்ளி. கடைசி நேரத்தில் பிரான்ஸின் தியானி தலையால் முட்டிய பந்து கோல் சட்டத்தில் பட்டுத் திரும்பியபோது எனக்கு மூச்சே வரவில்லை. அது முடிந்ததும் இன்னொரு அடி. கூடுதல் நேரத்தில் கதீஜா ஷாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே. மான்செஸ்டர் சிட்டியில் கோல் மழை பொழியும் ஷா, ஸ்பானிஷ் டவுனில் பிறந்தவர், சின்ன வயதில் கேரட்டை விடாமல் தின்றதால் 'பன்னி' என்று பெயர் வாங்கியவர். அணியின் பாதி பலம் அவர். அடுத்த ஆட்டத்தில் இல்லை.

29 ஜூலை, சனி

ஷா இல்லாமலே வென்றுவிட்டார்கள். பெர்த்தில் பனாமாவுடன் 1-0. 56வது நிமிடம், ட்ரூடி கார்ட்டர் கார்னர் அடிக்க, அலிசன் ஸ்வாபி உயர எழும்பி முட்டினார். தடுப்பாட்டக்காரர்தான் கோலும் போட வேண்டியிருக்கிறது. உலகக் கோப்பையில் இதுதான் இவர்களின் முதல் வெற்றி.

இதற்கு முன்பே, இதே குழுவில் இருக்கும் பிரான்ஸ் பிரேசிலை 2-1 என்று சாய்த்துவிட்டது. ஆகவே கணக்கு எளிது: அடுத்த சுற்றுக்குப் போக, பிரேசிலுடன் டிரா செய்தால் போதும். சொல்வது எளிது!

2 ஆகஸ்ட், புதன்

ஆபீஸ் நேரம். மேசைக்கு அடியில் போன், ஒரு காதில் மட்டும் இயர்போன்.

பிரேசிலுக்கு வென்றே ஆக வேண்டும். பந்து பெரும்பாலும் அவர்கள் காலில்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பந்தை அல்ல, ஜமைக்காவின் பின்வரிசையை. பந்து இடது பக்கம் போனால் நான்கு பேரும் ஒன்றாக நகர்கிறார்கள், வலது பக்கம் வந்தால் ஒன்றாகத் திரும்புகிறார்கள். நடுவில் வழியே இல்லை. வேறு வழியில்லாமல் பிரேசில் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறது, அலிசன் ஸ்வாபியோ கோல்கீப்பர் ரெபெக்கா ஸ்பென்சரோ எடுத்துவிடுகிறார்கள். அலிசனும் தங்கை ஷான்டெல்லும் ஒரே அணியில் ஆடுகிறார்கள் என்பது இன்னொரு அழகு.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் பிரேசிலின் நட்சத்திரம் மார்த்தாவை வெளியே எடுத்தார்கள். அவருக்கு இது ஆறாவது உலகக் கோப்பை, கடைசியும்கூட. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் ஜமைக்கா கட்சி.

0-0. 1995க்குப் பிறகு முதல்முறையாக பிரேசில் குழுச் சுற்றோடு வெளியே. ஜமைக்கா மூன்று ஆட்டங்களில் போட்டது ஒன்று, வாங்கியது பூஜ்யம், தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் சுற்றுக்குப் போயாயிற்று. பயிற்சியாளர் லார்ன் டொனால்ட்சனுக்குச் சிலை வைக்கலாம்.

4 ஆகஸ்ட், வெள்ளி

பார்க்கிற கட்டுரையெல்லாம் இதை ஏழைப் பெண்களின் அதிசயம் என்றே எழுதுகிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஸ்பென்சர் லண்டனில் பிறந்தவர், டோட்டன்ஹாம் கோல்கீப்பர். ட்ரூ ஸ்பென்ஸும் லண்டன்காரர். ஸ்வாபி சகோதரிகள் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளும் தீவில் வளர்ந்த ஷா போன்றவர்களும் கலந்த அணி இது. பலரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். போன வருடம் மெக்சிகோ மண்ணிலேயே மெக்சிகோவை 1-0 என்று வென்றுதான் தகுதி பெற்றார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், அதுதான் வசதி.

8 ஆகஸ்ட், செவ்வாய்

முடிந்தது. மெல்போர்னில் நாக்-அவுட் ஆட்டம், கொலம்பியா 1-0 என்று வென்றுவிட்டது. 51வது நிமிடம், நீண்டு வந்த கிராஸை கத்தலினா உஸ்மே அழகாக அடக்கி, தூரத்துக் கம்பத்தின் ஓரமாகத் தள்ளினார். இந்தத் தொடரில் ஜமைக்கா வாங்கிய ஒரே கோல். பிறகு ட்ரூ ஸ்பென்ஸ் முட்டிய பந்து கம்பத்தில் பட்டது. இவ்வளவு நாள் நம் பக்கம் இருந்த கம்பம், இன்றைக்குக் கட்சி மாறிவிட்டது.

25 அக்டோபர், புதன்

இங்கே மறுபடி எழுதுவேன் என்று நினைக்கவில்லை. உலகக் கோப்பை ஆடிய வீராங்கனைகள், கோல்டு கப் என்ற அடுத்த போட்டியின் தகுதி ஆட்டங்களில் ஆடப்போவதில்லை என்று கூட்டாக அறிவித்துவிட்டார்கள். வர வேண்டிய பணம் முழுசாக வந்து சேரவில்லை என்கிறார்கள். ஸ்பென்சரும் ஸ்வாபியும் ஷாவும் இல்லாத அந்த ஆட்டங்களை நான் பார்க்கப்போவதில்லை. அவர்கள் திரும்பி வந்தால் எழுதுகிறேன்.